பத்திரிகையில் ஆட்குறைப்பு வந்தால்: சங்கப் பொறுப்புக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாலை நாலு மணிக்கு எல்லாரும் மீட்டிங் ஹாலுக்கு வரவும் என்று ஒரு மெயில் வரும். நாளிதழ் அலுவலகத்தில் நாலு மணி என்பது பக்கங்கள் வேகமெடுக்கிற நேரம். அந்த நேரத்தில் யாரும் கூட்டம் போட மாட்டார்கள். அதனாலேயே பழைய ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிடும். உள்ளே போனால் பத்து நிமிடப் பேச்சு: விளம்பர வருமானம் குறைந்துவிட்டது, மறுசீரமைப்பைத் தவிர்க்க முடியவில்லை, யார் யார் என்பது பிறகு தெரிவிக்கப்படும். கேள்வி கேட்க நேரம் தரமாட்டார்கள். வெளியே வரும்போது எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். போன மாதம்தான் உங்களைக் கிளைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

அப்படி நிற்கிற ஒருவருக்காக இதை எழுதுகிறேன். செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றுகிற டெஸ்க்கில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக் காலம் சங்கக் கமிட்டியில் இருந்தேன். மூன்று முறை ஆட்குறைப்பு வந்தது. முதல் முறை மோசமாகத் தோற்றோம். மூன்றாவது முறை பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேரை மீட்டோம். நடுவில் நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான்: நிர்வாகம் தலைகளை எண்ணிக்கொண்டு வரும், சங்கம் வேலையை எண்ணிக்கொண்டு போக வேண்டும். ‘பத்துப் பேர் வேண்டாம், ஐந்து பேரோடு நிறுத்துங்கள்’ என்று பேரம் பேசப் போனால் ஐந்து பேரை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டு வருவோம். ‘அந்தப் பத்துப் பேர் செய்கிற வேலையை நாளைக்கு யார் செய்வது?’ என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கான ஏற்பாடுகள்தான்.

அன்று இரவே செய்ய வேண்டியவை

ஒரே ஒரு செய்தியை எல்லாருக்கும் அனுப்புங்கள்: ‘யார் எந்தத் தாளை நீட்டினாலும் இன்று கையெழுத்துப் போட வேண்டாம்.’ ராஜினாமாக் கடிதம், விருப்ப ஓய்வு விண்ணப்பம், ‘கூட்டத்தில் கலந்துகொண்டேன்’ என்ற ஒப்புதல் எதுவானாலும் சரி. தாளை வாங்கிக்கொள்ளலாம், பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்தது, கூட்டத்தில் பேசியதை அன்றைக்கே எழுதி வையுங்கள். யார் பேசினார், என்ன எண்ணிக்கை சொன்னார், என்ன காரணம் சொன்னார் என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். நிருபர்கள் நிறைந்த இடத்தில் இதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் முதல் முறை எங்களில் ஒருவர்கூடக் குறிப்பு எடுக்கவில்லை. ஊரார் கஷ்டத்தை வரி விடாமல் எழுதுகிறவர்களுக்குச் சொந்தக் கஷ்டத்தில் கை ஓடவில்லை. ‘பயிற்சி ஆட்களைத் தொடமாட்டோம்’ என்று அன்று சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து ‘அப்படிச் சொல்லவே இல்லையே’ என்றார்கள். எங்கள் கையில் ஒரு வரி இல்லை.

பிறகு உறுப்பினர் பட்டியலை எடுங்கள். கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிப் பேசுங்கள். இரவு ஷிப்ட், மகப்பேறு விடுப்பில் இருப்பவர், மருத்துவ விடுப்பில் இருப்பவர், வெளியூர்ப் பதிப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் நிருபர் என்று இவர்கள்தான் எப்போதும் விட்டுப்போகிறார்கள். இவர்களுக்கு அலுவலக மெயிலில் எழுதாதீர்கள். சொந்த நம்பர், சொந்த மெயில் மட்டும். வேலை போகிற அன்று அலுவலக மெயில் முதலில் முடங்கும். அதிலேயே எல்லாரையும் சேர்த்து வைத்திருந்தால் உங்கள் சங்கமும் அன்றே முடங்கிவிடும்.

காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

பத்திரிகைத் தொழிலின் சரிவு உண்மையானது. சங்கம் அதை மறுத்துப் பேசினால் எடுத்த எடுப்பிலேயே நம்பகத்தன்மை போய்விடும். வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை, பழைய கார் விற்பனை என்று வந்துகொண்டிருந்த வரி விளம்பரங்கள்தான் பல நாளிதழ்களுக்கு முதுகெலும்பாக இருந்தன. 1995-இல் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற இணைய வரி விளம்பரச் சேவை தொடங்கிய பிறகு அவை இணையத்துக்கு நகர ஆரம்பித்தன. மீதி விளம்பரத்தின் பெரும்பகுதி கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் போயிற்று. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்க நாளிதழ்களின் செய்தி அறைகளில் 2008-இல் சுமார் 71,000 பேர் இருந்தார்கள். 2020-இல் சுமார் 31,000 பேர். பாதிக்கு மேல் போய்விட்டார்கள்.

ஆனால் எல்லா ஆட்குறைப்புக்கும் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லாபத்தில் ஓடுகிற பத்திரிகையிலும் ஆட்களைக் குறைக்கிறார்கள். கம்பெனியை வாங்கக் கடன் எடுத்திருப்பார்கள், அதற்கு வட்டி கட்ட வேண்டும். ஆல்டன் குளோபல் கேப்பிடல் என்ற முதலீட்டு நிதி 2021-இல் அமெரிக்காவின் ட்ரிப்யூன் பப்ளிஷிங் என்ற நாளிதழ்க் குழுமத்தை வாங்கியது. வாங்கிய சில நாட்களிலேயே செய்தி அறைகளுக்கு ‘பணம் வாங்கிக்கொண்டு விலகலாம்’ என்ற அறிவிப்பு வந்தது. உங்கள் இடத்தில் நடப்பது எந்த வகை? நஷ்டமா, குறைந்த லாபமா, கடனா, விற்பதற்கு முன் கணக்கை அழகாக்குவதா? இந்த நாலுக்கும் பதில் வேறு வேறு. நஷ்டம் என்றால் செலவைக் குறைக்க மாற்று வழி பேசலாம். கடன் என்றால் மாற்று வழி பேசிப் பயனில்லை. அங்கே காலத்தை நீட்டுவதும் இழப்பீட்டை உயர்த்துவதும்தான் கைக்கு எட்டும் இலக்கு.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பித்தது?

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் சங்கத்தின் ஒப்பந்தத்தையும் மேசையில் வையுங்கள். தேட வேண்டியது இரண்டு விஷயம்: எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், யாரிடம் கலந்து பேச வேண்டும்.

பிரிட்டனில் ஒரே நிறுவனம் 90 நாட்களுக்குள் 20 முதல் 99 பேர் வரை நீக்குவதாக இருந்தால் முதல் நீக்கத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பும், 100 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 45 நாள் முன்பும் கலந்தாலோசனை தொடங்கியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டு நெறிமுறை, உடன்பாடு காணும் நோக்கத்தோடு இத்தகைய கலந்தாலோசனை நடக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 1988-இன் வார்ன் சட்டம் பெரிய ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. பொதுவாக 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். இந்தியாவில் 1955-இன் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், ஆட்குறைப்பில் ஆசிரியருக்கு 6 மாதமும் மற்றப் பத்திரிகையாளர்களுக்கு 3 மாதமும் நோட்டீஸ் என்று தனியாகவே வகுத்திருந்தது. அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் சேர்க்கப்பட்டுவிட்டதால், பழைய பிரிவு எண்ணை மனப்பாடமாகச் சொல்லாமல் இன்றைக்கு நடைமுறையில் உள்ள வாசகத்தை ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் உட்கார்ந்து படியுங்கள்.

சட்டம் பலவீனமாக இருக்கிற நாட்டிலும் ஒரு பிடி உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆவது உடன்படிக்கை, 1982. ஆட்குறைப்பின் காரணம், எத்தனை பேர், எந்தப் பிரிவினர், எந்தக் காலத்துக்குள் என்ற தகவல்களைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரிய நேரத்தில் தர வேண்டும். நீக்கத்தைத் தவிர்ப்பது பற்றியும் குறைப்பது பற்றியும் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. பல நாடுகள் இதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இருந்தாலும் கடிதம் எழுதும்போது அந்த வரிசையை அப்படியே பயன்படுத்தலாம். அது சங்கம் தன் இஷ்டத்துக்குக் கேட்கிற பட்டியல் இல்லை என்று காட்டும்.

தகவல் கேட்டு ஒரு கடிதம்

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, எழுத்தில், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள். உணர்ச்சி வேண்டாம், வரலாறு வேண்டாம், கேள்விகள் மட்டும். எந்தப் பிரிவில் எத்தனை இடங்கள்? எந்த அளவுகோலில் தேர்வு? கடந்த மூன்று ஆண்டு வரவு செலவு என்ன? இதே காலத்தில் மேல்மட்டச் சம்பளமும் ஆலோசகர் கட்டணமும் எவ்வளவு? இப்போது காலியாக உள்ள இடங்கள் எத்தனை? ஒப்பந்த ஆட்கள், ஆள் தரும் வெளி ஏஜென்சிகள் எத்தனை? நீக்கப்படுகிறவர்களின் வேலையை யார், எப்போது, எப்படிச் செய்வார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. பதில் இல்லை என்பதே உங்களுக்குப் பயன்படும் பதில். பத்து நாள் கழித்து நினைவூட்டல் கடிதம், பிறகு இன்னொன்று. பின்னால் சமரச அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ போய் நின்றால் இந்த மூன்று கடிதங்களும் உங்களுக்காகப் பேசும்.

வேலைப் பட்டியல்: இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்

மற்ற படிகளை ஓரளவு எல்லாச் சங்கங்களும் செய்கின்றன. இதை மட்டும் யாரும் செய்வதில்லை, உழைப்பு அதிகம் என்பதால். ஒரு வாரத்துக்கு ஒவ்வொருவரும் தான் செய்கிற வேலையை மணி வாரியாக எழுத வேண்டும். பதவிப் பெயரை எழுதக் கூடாது. ‘சீனியர் சப் எடிட்டர்’ என்று எழுதினால் அது ஒரு தலை. என்ன செய்தார் என்று எழுதினால்தான் அது வேலை.

எங்கள் மூன்றாவது முறையில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு ஷிப்டில் ஒரு மூத்த உதவி ஆசிரியர் இருந்தார். நிர்வாகத்தின் எக்செல் தாளில் அவர் ‘இரவு டெஸ்க், 1’. அவர் எழுதிக் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: 11.20, கடைசி ஏஜென்சிச் செய்திகள் பார்த்து முதல் பக்கத்தில் இரண்டு மாற்றம். 11.45, இரங்கல் விளம்பரங்களில் பெயரும் படமும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பு. ஒரு படம் மாறியிருந்தது, விளம்பரப் பிரிவை வீட்டுக்குப் போன் போட்டு எழுப்பினேன். 12.10, அச்சுக்கூடத்திலிருந்து அழைப்பு, ஏழாம் பக்கப் பிளேட்டில் கோடு. 12.30, வெளியூர்ப் பதிப்புக்கு வானிலைப் பெட்டி மாற்றம். 12.50, விபத்துச் செய்தியில் இறந்தவர் பெயரை உறுதிசெய்ய நிருபருக்குப் போன், தவறு, திருத்தினேன். 1.15, பக்கத்தை அச்சுக்கு விட்டேன்.

இதை வாசித்துக் காட்டி, இந்த இரண்டு மணி நேரத்தை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டோம். ஹெச்.ஆர். ஆட்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயாரிப்பு மேலாளர்தான் பேசினார். “அவர் இல்லேன்னா வண்டி லேட்டாகும் சார்” என்றார். வண்டி லேட்டானால் பேப்பர் முகவருக்குப் போகாது. முகவர் திருப்பி அனுப்புவார். அந்தச் செலவு ஒரு ஆளின் சம்பளத்தைவிட அதிகம். அன்றைக்கு இரவு டெஸ்க் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. நாங்கள் மேசையைத் தட்டவில்லை. நிர்வாகத்துக்குள்ளேயே வேலை தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் வாயைத் திறக்க வைப்பதுதான் இந்தப் பட்டியலின் பயன்.

இதில் எச்சரிக்கையும் ஒன்று. பட்டியலைத் தனிநபர் பெயரோடு நிர்வாகத்திடம் கொடுக்காதீர்கள். யாருக்கு வேலை குறைவு என்று அவர்கள் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். பிரிவு வாரியாகத் தொகுத்துக் கொடுங்கள். தனித் தாள்கள் சங்கத்திடம் இருக்கட்டும். அந்த உதவி ஆசிரியரின் தாளை அவருடைய சம்மதத்தோடுதான் வெளியே எடுத்தோம்.

பிரிந்து நிற்காதீர்கள்

பத்திரிகை அலுவலகத்தில் எப்போதும் இரண்டு மூன்று உலகம் இருக்கும். எடிட்டோரியல் ஒரு மாடி, விளம்பரம் ஒரு மாடி, அச்சுக்கூடம் வேறொரு கட்டடம். நிர்வாகம் ஒவ்வொன்றாக வரும். அச்சுக்கூடத்தை மூடும்போது எடிட்டோரியல் ‘அது அவர்கள் பிரச்சினை’ என்று இருக்கும். அடுத்த வருடம் எடிட்டோரியலுக்கு வரும்போது வாசலில் நிற்க அச்சுக்கூடத்து ஆள் இருக்க மாட்டார்.

லண்டன் வாப்பிங் தகராறு இதற்குப் பெரிய பாடம். 1986 ஜனவரியில் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் தன் நாளிதழ்களை வாப்பிங் பகுதியில் இருந்த புதிய ஆலைக்கு மாற்றியது. வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறத்தாழ 5,500 அச்சுத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டார்கள். புதிய ஆலையை இயக்க இன்னொரு சங்கமான மின்பணியாளர் சங்கத்தின் வழியாக ஆட்கள் வந்தார்கள். பத்திரிகையாளர்களில் பலர் உள்ளே போனார்கள், சிலர் மறுத்து வெளியே நின்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போராடியும் அச்சுத் தொழிலாளர்களால் வேலைக்குத் திரும்ப முடியவில்லை. புதிய இயந்திரம் வந்தது மட்டும் தோல்விக்குக் காரணம் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்த சங்கங்கள் தனித்தனியாக நின்றதும் ஒரு காரணம்.

எனவே முதல் வாரத்திலேயே எல்லாப் பிரிவுச் சங்கங்களும் ஒரு கூட்டுக் கமிட்டி போடுங்கள். ஸ்டிரிங்கர்களையும் (நிரந்தர வேலையில் இல்லாமல் செய்தி தருகிறவர்கள்) பகுதிநேரப் புகைப்படக்காரர்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் உறுப்பினர் இல்லை என்று சட்டம் பேசாதீர்கள். நிரந்தர ஆளை நீக்கிவிட்டு அந்த வேலையைப் பாதிக் காசுக்கு அவர்கள் தலையில்தான் கட்டப் போகிறார்கள். ‘அந்த வேலையை ஏற்கமாட்டேன்’ என்று அவர்கள் சொல்ல வேண்டுமானால், அவர்களுக்கும் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும்.

மாற்றுத் திட்டம்

எதிர்ப்பு மட்டும் போதாது. கையில் ஒரு திட்டம் வேண்டும். புதிய ஆள் எடுப்பதை நிறுத்துவது, காலி இடங்களை முதலில் ரத்து செய்வது, ஓய்வுக்கு அருகில் இருப்பவர்களுக்கு விருப்ப ஓய்வு, அச்சுப் பிரிவிலிருந்து டிஜிட்டலுக்குப் பயிற்சியோடு இடமாற்றம், மேலே இருந்து தொடங்கும் தற்காலிகச் சம்பளக் குறைப்பு. கடைசியாகச் சொன்னதற்கு முடிவுத் தேதி இல்லாமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். தேதி எழுதாத தற்காலிகம் நிரந்தரமாகிவிடும்.

இயந்திரம் வருவதற்கு முன்பே பேசினால் எவ்வளவு பெற முடியும் என்பதற்கு நியூயார்க் உதாரணம் இருக்கிறது. அச்சுக் கோப்பவர்களின் சங்கம் 1974-இல் அந்த நகரத்தின் பெரிய நாளிதழ்களோடு 11 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. கணினி அச்சுக் கோப்பை நிர்வாகம் கொண்டுவரலாம். பதிலுக்கு அப்போது வேலையில் இருந்தவர்களுக்கு வாழ்நாள் வேலை உத்தரவாதம். 1978 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் ஈயத்தில் கோத்த கடைசி இதழை அச்சிட்டபோது அந்த ஆட்கள் தெருவுக்கு வரவில்லை. அந்தத் தொழில் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. அது சிறிய இழப்பு இல்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பக்க வடிவமைப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில், கருவியை வாங்குவதற்கு முன் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் இப்போதே சேர்க்கப் பாருங்கள். ஆட்குறைப்பு அறிவித்த பிறகு அந்த வரி கிடைக்காது.

யார் போவது என்ற கேள்வி

இதுதான் சங்கத்துக்குள் சண்டை மூட்டும் இடம். பழைய விதி, கடைசியில் வந்தவர் முதலில் போவார். அது எளிமையானது, பிடிக்காதவரைக் குறிவைக்க மேலதிகாரிக்கு வழிவிடாதது. நிர்வாகங்களுக்கு அது பிடிக்காது; மதிப்பெண் முறையைக் கொண்டுவருவார்கள். ‘ஈடுபாடு’, ‘வளைந்து கொடுக்கும் தன்மை’ என்று பத்து மார்க், இருபது மார்க். அளக்க முடியாத ஒவ்வொரு தலைப்பையும் நீக்கச் சொல்லுங்கள். மகப்பேறு விடுப்பும் நோய் விடுப்பும் சங்கப் பணிக்குப் போன நாட்களும் மார்க்கைக் குறைக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

பணிமூப்பு விதிக்கும் ஒரு விலை உண்டு. 2024 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் குறைந்தது 115 பேரை நீக்கினார்கள். அதற்கு முன் பணிமூப்புப் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லி நிர்வாகம் கேட்டது, சங்கம் மறுத்தது, ஊழியர்கள் ஒரு நாள் வெளிநடப்புச் செய்தார்கள். சமீப வருடங்களில் சேர்ந்த இளைஞர்களும் சிறுபான்மைச் சமூகத்தினரும் அந்த நீக்கத்தில் அதிகம் அடிபட்டார்கள். பணிமூப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் இன்றும் என் கருத்து. ஆனால் அதன் சுமை யார் மேல் விழுகிறது என்பதைப் பொதுக்குழுவில் மறைக்காமல் சொல்லி, விருப்ப ஓய்வு மூலம் மூத்தவர்கள் சிலர் இளையவர்களுக்கு இடம்விட வழி இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களிடம் இருவர் அப்படி முன்வந்தார்கள். அதை நான் மறக்கவே மாட்டேன்.

தனியறைக்குக் கூப்பிடும் நாள்

ஒவ்வொருவராக ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள். யாரும் தனியாகப் போகக் கூடாது. உடன் ஒரு சங்கப் பிரதிநிதி இருக்க உரிமை உண்டா என்று முன்பே பார்த்து வையுங்கள். உரிமை இல்லாத இடத்திலும் கேளுங்கள், மறுத்தால் மறுத்ததைக் குறியுங்கள்.

பக்க வடிவமைப்பில் இருந்த ஒரு இளைஞர் அந்த அறையின் வாசலிலிருந்து எனக்குப் போன் செய்தார். “அண்ணே, இன்னைக்கே கையெழுத்துப் போட்டா ஒரு மாசச் சம்பளம் கூடத் தர்றாங்களாம். நாளைக்குன்னா கிடையாதாம்.” குரல் நடுங்கியது. “தம்பி, பேப்பரை வாங்கிக்கோ. படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாதே. நான் கீழதான் நிக்கிறேன், வா” என்றேன். வந்தார். தாளை டீக்கடையில் வைத்துப் படித்தோம். இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற ஒரு வரி மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. சேர்ந்துபோன விடுப்புக்கான பணமும் இரவு ஷிப்ட் படியும் கணக்கில் இல்லை. இரண்டும் சேர்த்தால் அவர்கள் காட்டிய அந்த ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். ‘இன்றைக்கு மட்டும்’ என்ற சலுகை அடுத்த வாரமும் அப்படியேதான் இருந்தது.

வாசகரிடம் சொல்லுங்கள்

பெயரைக் கொடுக்காமல் செய்தி எழுதுவது ஒரு பழைய வழி: ஒரு நாள் முழுக்க எந்தச் செய்தியிலும் நிருபர் பெயர் வராது. பேப்பர் வெளிவரும், சம்பளம் போகாது, ஆனால் வாசகர் கவனிப்பார். கருப்புப் பட்டை, வாயிற்கூட்டம், வாசகர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை. துண்டறிக்கையில் உங்கள் சம்பளத்தைப் பற்றி எழுதுவதைவிட, எந்த நீதிமன்றத்துக்கு இனி நிருபர் போகமாட்டார், எந்த ஊரின் செய்தி இனி வராது என்று எழுதுங்கள். வேலைப் பட்டியல் இங்கேயும் கைகொடுக்கும். அலுவலக ரகசியக் கணக்குகளை மட்டும் வெளியே விடாதீர்கள். அதைச் சாக்காக வைத்து ஒழுங்கு நடவடிக்கை எடுப்பார்கள்.

வேலைநிறுத்தம்

கோபத்தில் இருக்கும்போது எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். முடிவெடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: நாம் இல்லாமல் பேப்பர் வெளிவருமா? 1962 டிசம்பரில் நியூயார்க்கில் தொடங்கிய வேலைநிறுத்தம் 114 நாள் நீடித்தது. நகரத்தின் பெரிய நாளிதழ்கள் கடைக்கு வரவில்லை. 1995 ஜூலையில் டெட்ராய்ட்டில் ஆறு சங்கங்களின் சுமார் 2,500 பேர் இறங்கினார்கள்; நிர்வாகம் மாற்று ஆட்களை வைத்துப் பத்திரிகையை நடத்தியது. 19 மாதம் கழித்து நிபந்தனையில்லாமல் வேலைக்குத் திரும்பத் தயார் என்று சங்கங்கள் சொல்ல வேண்டியதாயிற்று. இணையத்தில் ஏஜென்சிச் செய்தியைப் போட்டே தளத்தை ஓட்ட முடிகிற இன்று, காலவரையற்ற வேலைநிறுத்தம் இன்னும் கடினம்.

குறுகிய, தேதி குறித்த வெளிநடப்பு வேறு கணக்கு. வாஷிங்டன் போஸ்ட் நிர்வாகம் 2023-இல் 240 இடங்களை விருப்ப விலகல் மூலம் குறைக்க முயன்றது. போதிய பேர் முன்வராவிட்டால் நீக்கம் என்றது. ஒப்பந்தப் பேச்சும் இழுத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 7 அன்று 700-க்கு மேற்பட்டோர் 24 மணி நேரம் வெளியே நின்றார்கள், அன்று தங்கள் செய்திகளைப் படிக்க வேண்டாம் என்று வாசகர்களையே கேட்டுக்கொண்டார்கள். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தத்தில் உடன்பாடு வந்தது.

எந்த வகையானாலும் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். கை தூக்கச் சொன்னால் தூக்குவார்கள், மறுநாள் காலையில் பாதிப் பேர் வரமாட்டார்கள். சட்டப்படி எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதை வழக்கறிஞரிடம் உறுதிசெய்யாமல் தேதி அறிவிக்காதீர்கள். சம்பளம் போகிற நாட்களுக்கு நிதி எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கையெழுத்துப் போடும்போது விட்டுப்போகிறவை

இழப்பீட்டுத் தொகையை எல்லாரும் பார்ப்பார்கள். இவற்றைப் பலரும் மறப்பார்கள்: பணிக்கொடையும் சேமநல நிதியும் எந்தத் தேதிக்குள் கிடைக்கும், மருத்துவக் காப்பீடு எத்தனை மாதம் தொடரும், அனுபவச் சான்றிதழில் ‘ஆட்குறைப்பு’ என்றுதான் இருக்க வேண்டும், ‘திறமைக் குறைவு’ என்ற வாடைகூட வரக் கூடாது, புகைப்படக்காரரும் நிருபரும் தங்கள் பழைய வேலைகளின் பிரதியை எடுத்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம். கடைசியாகச் சொன்னதை நாங்கள் முதல் முறை கேட்கவில்லை. பதினெட்டு வருடம் படமெடுத்த ஒருவர் தன் ஒரு படம்கூடக் கையில் இல்லாமல் வெளியே போனார்.

மறுவேலை உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்: அதே வேலைக்குக் குறிப்பிட்ட காலத்துக்குள் ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அதே காலத்தில் அந்த வேலையை ஒப்பந்த ஆளிடம் தரக் கூடாது. எங்களுக்கு 12 மாதம் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு மாதமும் வேலைக்கான விளம்பரங்களையும் ஏஜென்சி பில்களையும் பார்ப்பதற்கென்றே கமிட்டியில் ஒருவரைப் போட்டோம். ஒன்பதாம் மாதம், வடிவமைப்புப் பிரிவுக்கு இரண்டு ‘ஆலோசகர்கள்’ வந்து உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனோம். டீக்கடையில் தாள் படித்த அந்தத் தம்பி அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வேலைக்குத் திரும்பினார்.